லியோன்ல கைடு இல்லாம ஒரு சாப்பாட்டு நடை: என்ன கிடைச்சுது, எங்க சொதப்புச்சு

பிரான்ஸ்ல இருக்கிற லியோன் போறவங்க முக்காவாசி பேரு போன்ல ஒரு இருபது கடைய சேவ் பண்ணி வச்சுக்கிட்டு மேப் காட்டுற பக்கமெல்லாம் ஓடுவாங்க. மத்தியானம் ரெண்டரைக்கு ஒரு நல்ல கடை வாசல்ல போய் நின்னா உள்ள நாற்காலியெல்லாம் டேபிள் மேல கவுத்து வச்சுட்டு தரை தொடச்சுக்கிட்டு இருப்பாங்க, அவ்ளோதான், இனி ஏழு மணிக்கு மேலதான். அந்த ஊர்ல எத்தன மணிக்கு எங்க நிக்கிறோம்ங்கறதுதான் முதல் கேள்வி, கடை பேரெல்லாம் அதுக்கப்புறம். இன்னொண்ணு, எந்த மேட்டுல எந்த ஆத்தங்கரையில யாரு வேலை பார்த்தாங்களோ அவங்க சாப்பாடு இன்னிக்கும் அந்தந்த இடத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. இந்த ரெண்டையும் வச்சு ஒரு ரூட் போட்டு, கைடு, டூர் புக்கிங் எதுவும் இல்லாம காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் நடந்து பார்த்த கதைதான் இது.

நடந்தது மூணு பேரு. நான் கோழி மீன் வரைக்கும் சாப்பிடுவேன், மாடு பன்னி கிடையாது. மச்சான் எதையும் விட மாட்டார், குடல் ஈரல்னா கூடுதல் சந்தோசம். அவரு வீட்டம்மா, நான் அக்கான்னு கூப்பிடுவேன், சுத்த சைவம், முட்டை மட்டும் கேக்குல கலந்து வந்தா கண்டுக்க மாட்டாங்க, முட்டையா தட்டுல வந்தா ஆகாது (இந்த கணக்கு நம்ம வீடுகள்ல எல்லாருக்கும் புரியும், பிரெஞ்சு சர்வருக்கு புரிய வைக்கிறதுதான் கஷ்டம்). ஒரே ரூட்டுல இப்படி மூணு வயித்துக்கும் வேலை இருக்குமாங்கறதுதான் உண்மையான டெஸ்ட், ஏன்னா லியோன்னாலே பன்னியும் குடலும் தான்னு எல்லாரும் பயமுறுத்தி வச்சிருந்தாங்க.

ஏன் இந்த ஊரு

கிமு 43ல ரோமன்காரங்க லுக்துனும்னு பேரு வச்சு கட்டின ஊரு, ரோன் சோன்னு ரெண்டு ஆறு சேர்ற இடம். பழைய நகரம் மொத்தமும், மேட்டுல இருக்கிற நெசவாளர் பகுதி வரைக்கும், 1998ல யுனெஸ்கோ லிஸ்ட்டுல வந்துச்சு. ஆனா சாப்பாட்டுக்கு காரணம் ரோமன்காரன் இல்ல, ஊரச் சுத்தி இருக்கிற மண்ணு. வடகிழக்க ப்ரெஸ், அங்கத்த கோழிக்கு வெள்ளை றெக்கை, சிவப்பு கொண்டை, நீலக் கால், பிரெஞ்சுக் கொடி கலர் மூணும் ஒரே கோழியில, 1957லயே அதோட பேருக்கு சட்டப் பாதுகாப்பு வாங்கிட்டாங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் டோம்ப், குளம் குளமா கிடக்கும், மீனும் தவளையும் அங்கேர்ந்து வருது. வடமேற்க ஷரோலே மாடு, வடக்க போஜொலே ஒயின், தெற்க ரோன் பள்ளத்தாக்கு பழத்தோட்டம், தென்கிழக்க தோஃபினே வால்நட்டும் சீஸும். ரோன், சோன், போஜொலேன்னு மூணு ஆறு ஓடுற ஊருன்னு லியோன்காரங்களே ஜோக் அடிப்பாங்க. 1930கள்ல குர்னோன்ஸ்கிங்கற பேர்ல எழுதின சாப்பாட்டு விமர்சகர் ஒருத்தர் இதுதான் உலக சமையல் தலைநகரம்னு சொல்லிட்டுப் போயிட்டார், ஊர்க்காரங்க இன்னிக்கு வரைக்கும் அத விடல.

காலை: மேட்டுலேர்ந்து ஆரம்பிக்கணும்

மெட்ரோ சி லைன் புடிச்சு க்ருவா ரூஸ் ஸ்டேஷன்ல இறங்குனோம். ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் வச்சு மேட்டுல ஏறுற மெட்ரோ அது. மேல ஏத்திவிட அது இருக்கறப்ப காலால ஏற வேண்டிய அவசியமே இல்ல, நாள் பூரா இறக்கம்தான், நிறைய சாப்பிட்டுட்டு நடக்கறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. ஸ்டேஷனுக்கு வெளியவே பூல்வார் நெடுக மார்க்கெட், திங்கக்கிழமை தவிர தினம் காலையில உண்டு.

இந்த மேடுதான் கனூன்னு சொல்ற பட்டு நெசவாளர்களோட இடம். லியோன்ல பட்டு நெசவுக்கு 1536ல பிரான்சுவா ராஜா சலுகை குடுத்தார், ஆனா இந்த மேட்டுக்கு நெசவாளிங்க வந்தது 1800களோட தொடக்கத்துல, ஜக்கார் தறி வந்தப்புறம். அந்தத் தறி உசரம் ஜாஸ்தி, பழைய நகரத்து வீடுகள்ல நிக்காது, அதனால நாலு மீட்டர் உசரத்துல கூரை வச்சு பெரிய பெரிய ஜன்னலோட இங்க வீடு கட்டுனாங்க. நிமிர்ந்து பார்த்தா இன்னிக்கும் அந்த ஜன்னல் வரிசை அப்படியே தெரியும். 1831ல கூலி ரேட்டுக்காக இந்த மேட்டுலேர்ந்து இறங்கி ஊரையே புடிச்சவங்க இவங்க, 1834ல மறுபடியும் எழுந்தாங்க, ரெண்டு தடவையும் ராணுவம் வந்து அடக்குச்சு.

விடியறதுக்கு முன்னாடியே தறியில உக்காந்தவனுக்கு காலையில எட்டு ஒம்பது மணிக்கு வயிறு கேக்கும்ல, அப்ப சாப்பிட்டதுதான் மாஷோன். காபி க்ரொசான் கிடையாது, சாசேஜ், பன்னி வெட்டு, குடல், அவிச்ச உருளைக்கிழங்கு, கூடவே ஒரு பாட்டில் போஜொலே. இப்பவும் சில கடைங்க காலையில இத போடுது, முன்னாடியே சொல்லி வைக்கிறது நல்லது. மச்சான் ஒம்பது மணிக்கு ஆந்தூயேத் சாப்பிட்டாரு, குடல அடைச்சு செய்யற சாசேஜ். லியோன் ஸ்டைல்ல அது கன்னுக்குட்டி குடல்ல செய்யணும், மாட்டுப் பைத்தியம் நோய் பயத்துல 2000த்துலேர்ந்து அதுக்குத் தடை, பன்னிக் குடல்ல ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, 2015ல தான் தடை எடுத்தாங்க. வாசனை பத்தி நான் ஒண்ணும் சொல்லல. "மாப்ள, நம்ம ஊரு போட்டி வறுவல்ல மசாலாவ எடுத்துட்டா இதுதான்யா"ன்னு அவரு சொன்னத மட்டும் சொல்லிடறேன்.

அக்காவுக்கு கிடைச்சது செர்வெல் த கனூ. பேருல மூளைன்னு வர்றதால சைவக்காரங்க பாத்தவுடனே தள்ளி வச்சுடுவாங்க, உள்ள மூளையெல்லாம் ஒண்ணும் இல்ல. ஃப்ரொமாஜ் ப்ளான்னு ஒரு பழுக்க விடாத வெள்ளை பாலாடைக்கட்டி, கெட்டித் தயிருக்கும் பன்னீருக்கும் நடுவுல இருக்கும், அத நல்லா அடிச்சு பொடியா நறுக்குன சின்ன வெங்காயம், வெங்காயத்தாள் மாதிரி மெல்லிசா ஒரு கீரை, பூண்டு, வினிகர், ஆலிவ் ஆயில், உப்பு மிளகு போட்டு குளுகுளுன்னு குடுப்பாங்க. கறி வாங்க வழியில்லாத நெசவாளி சாப்பாடு. ரொட்டியில தடவி ஒரு வாய் வச்சுட்டு அக்கா "இதுல ஒரு பச்ச மிளகா கிள்ளிப் போட்டா தயிர்ப்பச்சடிடா"ன்னாங்க, அப்புறம் அந்தக் கிண்ணம் முழுக்க அவங்களுக்கே ஆயிடுச்சு. ஒரு எச்சரிக்கை, பழுத்த சீஸ் வகையெல்லாம் பெரும்பாலும் கன்னுக்குட்டி இரைப்பையிலேர்ந்து எடுக்கற ரென்னட் போட்டுதான் உறைய வைப்பாங்க, இந்த ஃப்ரொமாஜ் ப்ளான்லயும் கொஞ்சூண்டு போடறது உண்டு, ரொம்ப ஸ்ட்ரிக்டா பாக்கறவங்க கேட்டு வாங்கிக்கங்க.

இறக்கம்

மேட்டு ஓரத்துல க்ரோ கயூன்னு ஒரு பெரிய பாறை, சுரங்கம் தோண்டும்போது வெளிய வந்தது, பக்கத்துல நின்னா ரோன் ஆறும் வானம் தெளிஞ்சிருந்தா ஆல்ப்ஸும் தெரியும். அங்கேர்ந்து ப்ளாஸ் கோல்பேர் வந்து கூர் தே வொராஸ் வழியா இறங்குனோம். இதான் ட்ராபூல், ஒரு தெருவுல கதவத் தொறந்து உள்ள போனா வீட்டு முத்தம், படிக்கட்டு எல்லாம் தாண்டி வேற தெருவுல வெளிய வரும் வழி. இது மக்கள் குடியிருக்கற கட்டடம், அதனால சத்தம் போடாம போகணும், காலை நேரத்துல கதவுங்க திறந்து கிடைக்கறது சுலபம். கூர் தே வொராஸோட ஆறு மாடி கல்லு படிக்கட்டு கீழேர்ந்து பார்த்தா கழுத்து வலிக்கும்.

இறங்கி முடிஞ்சா ரூ ருவாயால் தெரு, 12ஆம் நம்பர்ல பேர் போன ஒரு ரெஸ்டாரண்ட். இங்க நாங்க சாப்பிடல, அந்த விலைக்கு நாங்க ஆளும் இல்ல, ஆனா வாசல்ல கொஞ்ச நேரம் நின்னோம். லியோன் சமையல தூக்கி நிறுத்துனது பொம்பளைங்க. பணக்கார வீடுகள்ல சமையக்காரியா இருந்தவங்க வெளிய வந்து தனியா கடை போட்டாங்க, அவங்கள மேர், அதாவது அம்மான்னுதான் ஊரே கூப்பிட்டுச்சு. அதுல பெரிய பேரு யூஜெனி ப்ராஸியே, 1895ல பொறந்து, ஃபில்லியூ அம்மா கிட்ட வேலை கத்துக்கிட்டு, 1921ல இந்த 12ஆம் நம்பர்ல கடை திறந்தாங்க. 1933ல இந்தக் கடைக்கும் மலைப்பக்கம் கோல் த லா லுயேர்ல இருந்த இன்னொரு கடைக்கும் தலா மூணு மிஷெலின் ஸ்டார், மொத்தம் ஆறு. பின்னாடி பிரான்ஸோட பெரிய செஃப் ஆன போல் பொக்யூஸ் சின்ன வயசுல வேலை பழகினது இவங்ககிட்டதான். இவங்க கோழி ஒண்ணு ரொம்ப ஃபேமஸ், ப்ரெஸ் கோழியோட தோலுக்கு அடியில கருப்பு ட்ரஃபிள்ங்கற விலை ஒசந்த காளான வட்டம் வட்டமா வெட்டி சொருகி வேக வைக்கிறது, வெள்ளைத் தோல்ல கருப்பு தெரியறதால அரைத் துக்கம்னு பேரு. 2008லேர்ந்து மாத்யூ வியானேங்கற செஃப் கையில கடை இருக்கு, ரெண்டு ஸ்டார்.

இதச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. மேட்டுல நெசவாளி குடலும் தயிரும் சாப்பிட்டான், கீழ பட்டு வியாபாரி ட்ரஃபிள் சொருகின கோழி சாப்பிட்டான், நடுவுல பதினஞ்சு நிமிஷ இறக்கம்தான். பஸ்ல போயிருந்தா இந்த வித்தியாசம் தலையில ஏறியே இருக்காது.

மத்தியானம்: பன்னெண்டுக்கு உக்காரலன்னா கஷ்டம்

சோன் கரையில கே சாந்த்துவான் மார்க்கெட், இதுவும் திங்கள் லீவு, மத்தியானத்தோட மூட்டை கட்டிடுவாங்க, பதினொன்றைக்குள்ள பாத்துட்டோம். சீசன் காய், ஆட்டுப்பால் சீஸ், வறுத்த பன்னிக் கொழுப்பு (க்ராத்தோன்னு பேரு, மச்சான் ஒரு பொட்டலம் வாங்கி ஜோபியில போட்டுக்கிட்டாரு). அப்புறம் பூஷோன். லியோனோட சின்ன சாப்பாட்டுக் கடைக்கு அந்தப் பேரு, சிவப்பு வெள்ளை கட்டம் போட்ட டேபிள் துணி, இடிச்சுக்கிட்டு உக்கார்ற நாற்காலிங்க, ஒயினுக்கு அடி கனமா இருக்கிற 46 செண்டிலிட்டர் பாட்டில், அதுக்குப் பேரு போ. எவன் வேணா பூஷோன்னு போர்டு மாட்டலாம்னு ஆனதால 2012ல வர்த்தக சபையும் டூரிஸ்ட் ஆபீஸும் சேர்ந்து ஒரு முத்திரை கொண்டு வந்தாங்க, அது ஒட்டியிருந்தா ஓரளவு நம்பலாம், இல்லாத நல்ல கடைங்களும் உண்டு. ஓபரா பின்னாடி சந்துகள்ல பழைய பூஷோன் சிலது இருக்கு, அங்க ஒண்ணுல உக்காந்தோம்.

நான் சொன்னது கெனெல். பைக்குன்னு ஒரு ஆத்து மீன், முள்ளு ஜாஸ்தி, அப்படியே சாப்பிட முடியாது, அதனால சதைய அரைச்சு மாவு, வெண்ணெய், முட்டை சேர்த்து நீள உருண்டையா புடிச்சு, நண்டுக்கும் இறாலுக்கும் நடுவுல ஒரு சுவை இருக்கிற நன்னீர் க்ரேஃபிஷ் சாஸ்ல அவன்ல வைப்பாங்க. சர்வரம்மா வரும்போதே "இருவது நிமிஷம் ஆகும், பரவால்லையா"ன்னு கேட்டுட்டாங்க. வந்தப்ப தட்டு ஓரமெல்லாம் சாஸ் கொதிச்சு கருகி புடிச்சிருக்கு, கெனெல் ரெண்டு மடங்கா உப்பி தட்டுக்கு மேல நிக்குது, ஸ்பூன் பட்டதும் புஸ்ஸுன்னு காத்து இறங்கி சாஸுக்குள்ள அமுங்கிடுச்சு. உள்ள இட்லிய விட லேசு. சாஸ ரொட்டியில தொடச்சு தட்ட காலி பண்ணேன், அங்க அது தப்பே இல்ல.

மச்சானுக்கு தாப்ளியே த சாப்பர், மாட்டு இரைப்பைய வெள்ளை ஒயின்ல ஊற வச்சு ரொட்டித் தூள்ல புரட்டி பொரிச்சது. பாதியில கொஞ்சம் திணறுனாரு, ஒத்துக்கல. அக்காவுக்குத்தான் இங்க சிக்கல். லியோன் சாலட்டுல பன்னித் துண்டு, வறுத்த ரொட்டி, மேல அரைவேக்காடு முட்டை, பன்னியும் முட்டையும் வேணாம்னா மிச்சம் கசப்புக் கீரையும் ரொட்டியும்தான். கடைசில பாலாடையும் பூண்டும் போட்டு மெல்லிசா அடுக்கி சுட்ட உருளைக்கிழங்கு க்ராத்தான், பச்சை சாலட், ரொட்டி, அப்புறம் சான் மார்ஸெலான் சீஸ். இந்தச் சீஸ் 80 கிராம் சின்ன வட்டு, லியோன்ல நல்லா பழுக்க விட்டு கிண்ணத்துல ஓடற பதத்துல குடுப்பாங்க. வயிறு நிறைஞ்சுது, ஆனா மெயின்னு ஒண்ணு அவங்களுக்கு கிடையாது, அத மழுப்ப முடியாது. பூஷோன்ல சைவம்னா துணைக்கறிய வச்சுத்தான் சாப்பாட்ட ஓட்டணும்.

காசு விஷயம்: பூஷோன்ல மத்தியான செட் மெனு 25 யூரோ சுத்தி, ராத்திரி 30, 35ன்னு போகும். தண்ணிக்கு காசு குடுக்காதீங்க, உன் கராஃப் தோன்னு கேட்டா குழா தண்ணி ஜாடியில வரும், ரொட்டியும் ஃப்ரீ, சர்வீஸ் பில்லுலயே சேர்ந்தது, டிப்ஸ் கட்டாயம் இல்ல.

சாயங்காலம்: பழைய நகரம், இனிப்பு, அப்புறம் அந்த டின்னர்

சோன் மேல நடைபாலம் தாண்டுனா வியூ லியோன். 15, 16ஆம் நூற்றாண்டு வீடுங்க, ரோஸ், மஞ்சள் காவி சுவரு. சேன் ஷான் தெரு 54ஆம் நம்பர் கதவுல நுழைஞ்சா ரூ த்யூ பஃப் 27ல வெளிய வரலாம், நீளமான ட்ராபூல். ரெண்டுலேர்ந்து ஏழு வரைக்கும் கிச்சன் மூடியிருக்கற நேரத்துக்கு இந்தப் பகுதிதான் சரி, ஏன்னா இங்க சுத்தறதுக்கும் இனிப்புக்கும் நேரம் காலம் கிடையாது.

ஜன்னல் ஜன்னலா ஒரு அதட்டுற ரோஸ் கலர் தெரியும், அது ப்ராலின், பாதாமுக்கு மேல கலர் போட்ட சர்க்கரைப் பாகு பூசுனது. பாக்க கல்யாண வீட்டு மிட்டாய் மாதிரி இருக்கேன்னு அலட்சியமா நினைக்க வேண்டாம், அத இடிச்சு க்ரீமோட காய்ச்சி மாவு தட்டுல ஊத்தி சுட்டா அதான் ப்ராலின் டார்ட். கடிச்சா முதல்ல ஒட்டும், அப்புறம் பாதாம் நறநறன்னு வரும், ஒரு துண்ட மூணு பேரு பங்கு போடற அளவுக்கு இனிப்பு. அக்காவுக்கு இந்த நாள்ல முழு மனசா பிடிச்சது இதுதான். இன்னொண்ணு கூசேன், பச்சையா பட்டுத் தலகாணி மாதிரி பாதாம் விழுதுக்குள்ள சாக்லேட், வுவாசேன் கடைக்காரங்க 1960ல கண்டுபுடிச்சது. 1643ல கொள்ளை நோய் வந்தப்ப ஊர்ப் பெரியவங்க மெழுகுவத்தியும் தங்கக் காசும் பட்டுத் தலகாணியில வச்சு ஃபூர்வியேர் மாதாவுக்கு நேந்துக்கிட்டாங்க, அந்த ஞாபகம். சாப்பிட்டோம், நல்லாருக்கு, ஆனா டார்ட்டுக்கு முன்னாடி நிக்காது.

ராத்திரிக்கு என் திட்டம் வேற. போல் பொக்யூஸ் பேர்ல இருக்கிற கூரை போட்ட மார்க்கெட், ஹால்னு சொல்வாங்க, பார் தியூ பக்கம் 1971ல வந்தது, 2006ல அவரு பேரு வச்சாங்க, சுமார் 50 கடை. அங்க சிப்பி, சீஸ், காய் கெனெல்னு பொறுக்கி பொறுக்கி சாப்பிட்டு முடிச்சுடலாம்னு யோசனை. மச்சான் "இங்கயே ஒரு பூஷோன் பாத்து உக்காருவோம் மாப்ள, கால் போச்சு"ன்னாரு. அந்த டூரிஸ்ட் தெருவுல வாசல்ல ஒரு ஆளு நின்னு இங்கிலீஷ்ல கூப்பிட்டாரு, மெனு கார்டு போட்டோவோட ஆறு பாஷையில, உள்ளயும் அதே சிவப்பு வெள்ளை கட்டத் துணி. கெனெல் சொன்னேன், அஞ்சு நிமிஷத்துல வந்துடுச்சு. தொட்டவுடனே தெரிஞ்சுது, நடுவுல சில்லுன்னு, ஓரத்துல ரப்பர், சாஸ் தனியா ஊத்தி வச்சிருக்கு. மத்தியானம் இருவது நிமிஷம் காத்திருந்தது எதுக்குன்னு ஒரே வாய்ல விளங்கிப்போச்சு. விலை மத்தியானத்த விட ஜாஸ்தி. மச்சான் பில்ல பாத்துட்டு க்ராத்தோன் பொட்டலத்த ஜோபியிலேர்ந்து எடுத்துப் பிரிச்சாரு.

கூட்டிக் கழிச்சு பாத்தா

கைடு இல்லாதது காலையிலயும் மத்தியானத்துலயும் லாபம்தான். மார்க்கெட்ல எவ்ளோ நேரம் நிக்கணும், எந்தத் தட்டு முன்னாடி உக்காரணும்னு நாமளே முடிவு பண்ணலாம், மூணு பேருக்கு மூணு சாப்பாட்டு விதி இருக்கறப்ப இது பெரிய வசதி, குரூப் டூர்ல எல்லாருக்கும் ஒரே தட்டு வச்சிருப்பாங்க, அக்கா பாதி ஸ்டாப்புல வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னிருப்பாங்க. கைடு இருந்தா நல்லாருக்குமேன்னு தோணுனது ஒரே இடம், பழைய நகரத்துல கால் ஓஞ்சு பசி எடுக்கற அந்த ராத்திரி எட்டு மணி. ரெண்டு வேளையும் கனமான பூஷோன் சாப்பாடும் தேவையில்லாதது, மத்தியானம் ஒண்ணு போதும், ராத்திரி ஒரு சீஸ், ரொட்டி, பழம் வாங்கி சோன் கரைப் படியில உக்காந்துட்டா முடிஞ்சுது.

ரூட்ட அப்படியே எடுத்துக்கறவங்க செவ்வாய்லேர்ந்து சனிக்குள்ள ஒரு நாள் பாத்துக்கங்க. திங்கக்கிழமை ரெண்டு தெரு மார்க்கெட்டும் ஹாலும் மூணுமே லீவு, ஞாயித்துக்கிழமை காலை மார்க்கெட் ஜோரா இருக்கும், ஆனா பூஷோன் நிறைய மூடியிருக்கும், ஹாலும் மத்தியானத்தோட சரி. ஆகஸ்ட்ல ஓனருங்க லீவுல போயிடுவாங்க. பிப்ரவரி வாக்குல போனா பூஞ்ன்னு ஒண்ணு கிடைக்கும், மாவ பொரிச்சு சர்க்கரைத்தூள் தூவுனது, நோன்பு காலத்துக்கு முன்னாடி செய்யறது, சைவக்காரங்களுக்கு டார்ட்டுக்கு அடுத்தது அதுதான். டிசம்பர் 8 ஒட்டி விளக்குத் திருவிழா, அப்ப இந்த ரூட்டே வேணாம், சாயங்காலம் ஆனா கூட்டம்தான் நம்மள நடத்திட்டுப் போகும், பூஷோன்ல டேபிள் கிடைக்கணும்னா ரொம்ப முன்னாடியே போன் பண்ணி வச்சிருக்கணும்.